நெடும்பயணத்துக்கு ஒரு துடுப்புப் படகு: சேலத்தில் இருப்பவர் தேர்ந்தெடுப்பதும் வாங்குவதும்

காரையோ டிராக்டரையோ வாங்குவதுபோல் நான்கு கடை ஏறி இறங்கி, ஓட்டிப் பார்த்து, பேரம் பேசிச் சிறு படகு வாங்கும் வசதி சேலத்தில் இல்லை. கொச்சியிலோ சென்னையிலோ உள்ள பட்டறையில் சொல்லிச் செய்ய வேண்டும். இல்லையென்றால் யாரோ பயன்படுத்திவிட்டு விற்பதை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். வந்து இறங்கிய பிறகு சரிப்படவில்லை என்று திருப்பியனுப்புவது நடக்கிற காரியமல்ல. ஆகவே பணத்தை எடுப்பதற்கு முன்பே தாளில் எழுதித் தீர்த்துக்கொள்ள வேண்டியவை பல உண்டு. ஒருவரோ இருவரோ, மோட்டார் இல்லாமல், அரிசி, அடுப்பு, கூடாரம், குடிநீர் எல்லாவற்றையும் உடன் ஏற்றிக்கொண்டு ஒரு வாரமோ அதற்கு மேலோ துடுப்பு வலித்துச் செல்ல எண்ணுபவருக்காக இது எழுதப்படுகிறது. மாலையில் ஒரு மணி நேரம் தண்ணீரில் சுற்றிவரப் படகு தேடுபவருக்கு இதில் பாதி தேவைப்படாது.

முதலில் வழி, பிறகு படகு

நம் ஊர்க்காரர் நெடும்பயணம் என்றதும் நினைப்பது காவிரியைத்தான். மேட்டூரிலிருந்து கல்லணை வரை ஏறக்குறைய 200 கி.மீ. வரைபடத்தில் பார்த்தால் தடையில்லாத நீர்வழி போலத் தோன்றும். ஆனால் மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று மின்சாரத்துக்காகக் கட்டிய கதவணைகள் வரிசையாக நிற்கின்றன. பவானி கூடுதுறையைத் தாண்டினால் சமயசங்கிலி, வெண்டிபாளையம், பாசூர் ஆகிய இடங்களில் மேலும் மூன்று. அதற்குப் பிறகு ஜேடர்பாளையம் அணை, மாயனூர் கதவணை, முக்கொம்பு. ஒவ்வோர் இடத்திலும் படகைக் கரையேற்றி, சாமான்களை இறக்கி, மதகுகளை விட்டு நன்றாக விலகிச் சுமந்து சென்று, கீழ்ப்புறம் மறுபடியும் தண்ணீரில் இறக்க வேண்டும். கல்லணையை எட்டுவதற்குள் பத்து முறை.

ஆகவே சேலத்துக்காரர் படகைத் தண்ணீரில் எப்படிப் போகும் என்று பார்ப்பதற்கு முன், கரைமேல் எப்படிப் போகும் என்று பார்க்க வேண்டும். கடலோரத்திலோ பெரிய ஏரிகளிலோ துடுப்பு வலிப்பவர்கள் எழுதிய வழிகாட்டிகளைப் படித்துவிட்டுப் படகு வாங்குவதில் இருக்கும் சிக்கல் இதுதான். அவர்களுக்கு எடை ஒரு விவரம் மட்டுமே. நமக்கோ எல்லாவற்றையும் தீர்மானிப்பதே எடை. 15 அடிப் படகு ஒன்று தண்ணீரில் இன்னும் ஓர் அங்குலம் அமிழ்வதற்கு ஏறக்குறைய 80 கிலோ சுமை வேண்டும். எனவே படகின் எடை 10 கிலோ கூடினால் தண்ணீரில் அது கண்ணுக்கே தெரியாது. கதவணைக் கரையின் கல் சரிவில் ஏற்றும்போது அந்த 10 கிலோதான் ஆளைத் தேடிப்போய் உதவி கேட்க வைக்கும்.

கதவணைத் தொல்லை வேண்டாம் என்பவருக்குக் கேரளத்தில் வேறு வழி இருக்கிறது. 1993-இல் தேசிய நீர்வழி எண் 3 என்று அறிவிக்கப்பட்ட கொல்லம்–கோட்டப்புரம் வழியில் 168 கி.மீ. தூரத்தைக் காயலும் கால்வாயுமாகக் கடக்கலாம். அங்கே சுமப்பது குறைவு; ஆனால் வேம்பநாட்டுக் காயலின் அகலத்தில் பிற்பகல் காற்று எழுப்பும் அலை, காவிரியின் தேக்கங்களில் காணாதது. இந்த இரண்டு வழிகளுக்கும் ஒரே படகு மிகச் சிறந்ததாக இருக்காது. எது உங்கள் வழி என்பதை முதலில் எழுதி வையுங்கள்.

காவிரியே வழி என்றால் காலமும் அனுமதியும் சேர்த்தே யோசிக்கப்பட வேண்டும். டெல்டாப் பாசனத்துக்காக மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படுகிறது. தென்மேற்குப் பருவமழை கர்நாடகத்தில் கொட்டி, அணை 120 அடியைத் தொட்டு, 16 கண் மதகு வழியே உபரி நீர் இறங்கும் நாள்களில் ஆற்றில் எந்தச் சிறு படகுக்கும் வேலையில்லை. மூடிய பிறகோ கீழ்ப்பகுதிகளில் மணல் தலைதூக்கிவிடும். வடகிழக்குப் பருவம் ஓய்ந்து, மதகு மூடும் முன்னான டிசம்பர் இறுதி முதல் ஜனவரி வரை உள்ள இடைவெளியே என் கணக்கில் ஏற்றது. நீர்வளத்துறை, மின்வாரியம், மாவட்ட நிர்வாகம் ஆகியவற்றுக்கு எழுத்து மூலம் தெரிவித்து அனுமதி பெறாமல் கதவணைத் தேக்கங்களில் இறங்கக் கூடாது. மதகு எப்போது திறக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் எந்திரமில்லாத படகுகளுக்கும் தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறது. மோட்டார் இல்லையென்றால் காகிதமும் தேவையில்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

பரிசல் போதாதா

ஒகேனக்கல்லிலும் மேட்டூர் நீர்த்தேக்கத்திலும் பரிசலைப் பார்த்து வளர்ந்தவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. பரிசல் தன் வேலையில் நிகரற்றது. அரையடித் தண்ணீரிலும் மிதக்கும், பாறையில் உரசினாலும் வளைந்து கொடுக்கும், ஒரே ஆள் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு நடந்துவிடலாம். அதன் எடையைப் பார்த்தால் நான் மேலே சொன்ன கணக்கின்படி அதுவே முதலிடம் பெற வேண்டும். ஆனால் வட்ட வடிவத்துக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒவ்வொரு தள்ளலிலும் பாதி உழைப்பு சுழற்சியை அடக்குவதில் போய்விடும். வலை போட, அக்கரை சேர அது போதும். எதிர்க்காற்றில் ஒரு நாளைக்கு 20 கி.மீ. போக வேண்டுமென்றால் நீளமான படகுதான் வேண்டும்.

நீளம், அகலம், அடிப்பாகம்

ஒருவருக்கு 14 முதல் 16 அடி, இருவருக்கு 16 முதல் 18 அடி. இதற்குக் காரணம் வேகம் என்று பலர் எண்ணுவார்கள். உண்மையில் அது பாதிதான் சரி. தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்தப் படகு எளிதாக எட்டக்கூடிய உச்ச வேகம் கிடைக்கும்; கடல் வேக அலகான ‘நாட்’ (knot) கணக்கில். 12 அடிப் படகுக்கு இது மணிக்கு ஏறக்குறைய 8.6 கி.மீ., 15 அடிப் படகுக்கு 9.6 கி.மீ. ஆனால் சுமையோடு நாள் முழுவதும் வலிக்கும் மனிதர் மணிக்கு 5 கி.மீ. அளவில்தான் போவார். அந்த மெதுவான வேகத்தில் படகைப் பிடித்து இழுப்பது அலையல்ல, தண்ணீருக்கும் படகின் தோலுக்கும் இடையேயான உராய்வு. படகு தேவைக்கு மேல் நீண்டால் நனையும் பரப்பும் கூடி, உராய்வும் கூடும். ஆகவே தனியாகச் செல்பவர் 18 அடிப் படகை வாங்கினால் வேகம் கூடாது. சுமையும் உழைப்புமே கூடும். நீளம் வேண்டியிருப்பது முக்கியமாகப் படகு நேராக ஓடுவதற்கும், படுக்கையும் மூட்டையும் பரப்பி வைப்பதற்கும்.

அகலத்தை இரண்டு இடங்களில் அளக்க வேண்டும். மேல்விளிம்பில் 4 அடி இருந்தால்தான் துடுப்புக்குச் சரியான நெம்புகோல் கிடைக்கும். தண்ணீர் மட்டத்திலோ 3 முதல் 3½ அடி போதும். மேலே விரிந்து கீழே ஒடுங்கும் இந்த வடிவம் காலியாக இருக்கும்போது கொஞ்சம் ஆட்டம் காட்டும். சுமை ஏறியதும் அடங்கிவிடும். கரையில் நின்று ஏறிப் பார்த்து ஆடுகிறது என்று நிராகரிப்பவர்கள், அகலமும் கனமுமான ஒன்றை வாங்கிக்கொண்டு போவார்கள். பக்கவாட்டு உயரம் நடுப்பகுதியில் சுமையோடு 9 அங்குலமாவது தண்ணீருக்கு மேல் நிற்க வேண்டும். வேம்பநாட்டுக்கோ நிறைந்த மேட்டூர் தேக்கத்துக்கோ போவதென்றால் 12 அங்குலம். அதற்கு மேல் உயர்ந்தால் காற்று பிடித்துத் தள்ளும்.

அடிப்பாகம் தட்டையாக இருந்தால் மாயனூர்ப் பக்கத்து மணல் திட்டுகளில் 4 அங்குல ஆழத்திலும் நகரும். கரையில் நிமிர்ந்து நிற்கும். அதற்குள்ளேயே படுத்துத் தூங்கலாம். உருண்டை அடிப்பாகம் மென்மையாக ஓடும், ஆனால் கரையில் சாய்ந்து விழும். காவிரிக்கு நான் தட்டை அல்லது தட்டையை ஒட்டிய அடிப்பாகத்தையே சொல்வேன். ஒன்று மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: பின்பகுதியின் அடியில் ஓரிரு அடி நீளத்துக்கு ஒரு துடுப்புத் தகடு போன்ற கட்டை பொருத்தியிருக்க வேண்டும். அது இல்லாத தட்டைப் படகு பக்கக் காற்றில் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். அடியில் இரண்டு தேய்மானப் பட்டைகளும் வேண்டும். நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிவதை நாம் படம் எடுத்து மகிழ்கிறோம். அவ்வளவு உயரமில்லாத மூழ்கிய சுவர்கள் தேக்கம் முழுவதும் கிடக்கின்றன என்பதைப் படகின் அடிப்பாகம்தான் கண்டுபிடிக்கும்.

எதில் செய்தது

பட்டறைகளில் சாதாரணமாகக் கிடைப்பது ஃபைபர் படகு. மீன்பிடிப்புக்கு வார்க்கும் அச்சிலேயே சிறியதை வார்த்துக் கொடுப்பார்கள். உறுதியானது, பழுது பார்ப்பது எளிது, எந்த ஊரிலும் ரெசின் என்ற பிசினும் ‘மேட்’ (mat) என்ற கண்ணாடி இழைப் பாயும் கிடைக்கும். ஆனால் மீனவருக்காகச் செய்தது மீனவருக்கு வேண்டிய கனத்தில்தான் இருக்கும். 14 அடியிலேயே 100 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். இரண்டு அடுக்கைக் குறைத்துப் போடச் சொன்னால் பட்டறைக்காரர் தலையாட்டிவிட்டு வழக்கம்போலவே போடுவார். எடைக்கு மேல் வரம்பு எழுதி ஒப்புக்கொள்ளச் செய்வதுதான் வழி.

வார்ப்பு பிளாஸ்டிக் படகுகள் அடி தாங்கும். வெயிலில் கிடந்தால் வெளுத்து நொறுங்கத் தொடங்கும் என்பதும், பிளந்தால் எந்தப் பசையும் ஒட்டாது என்பதும் சேலம் வெயிலை அறிந்தவர் யோசிக்க வேண்டியவை. அலுமினியம் எடைக்கு நல்லது. மதியத்தில் கை வைக்க முடியாது, கல்லில் உரசினால் ஊரே திரும்பிப் பார்க்கும் சத்தம். காற்றடைக்கும் படகு பையில் மடங்கும், பேருந்தில்கூட வரும். ஆனால் எதிர்க்காற்றில் முன்னே நகர மறுக்கும் ஒன்றில் நெடும்பயணம் போவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

எடையை மனத்தில் வைத்தால் மிஞ்சுவது எபாக்சி பூசிய மரைன் பிளைவுட் படகுதான். 8-க்கு 4 அடி, 6 மி.மீ. தாள் ஒன்று 11 முதல் 12 கிலோ, 4 மி.மீ. என்றால் 8 கிலோ. அடிப்பாகத்துக்குத் தடித்ததும் பக்கங்களுக்கு மெல்லியதுமாக நான்கு தாளில் 15 அடிப் படகு முடிந்துவிடும். எபாக்சி, இருக்கை, விளிம்புக் கட்டை எல்லாம் சேர்த்தும் 50 கிலோவுக்குள் நிறுத்தலாம். இதை இரு துண்டாகச் செய்து போல்ட் போட்டு இணைக்கும் முறையும் உண்டு. கூடுதலாக 5, 6 கிலோ ஆகும். ஆனால் ஒன்றுக்குள் ஒன்று அடங்கி 8 அடி இடத்தில் நின்றுவிடும் என்பதால் ஊருக்குள் வீடு உள்ளவருக்கு இது பெரிய நிம்மதி. பிளைவுட்டில் ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையை மட்டும் நம்பாமல் வெட்டிய மிச்சத் துண்டு ஒன்றை வாங்கிவந்து கொதிநீரில் போடுங்கள். அந்தத் தரத்துக்கான சோதனையே 72 மணி நேரக் கொதிநீர்தான்; வீட்டு அடுப்பில் அவ்வளவு வேண்டாம். போலியானது அரை நாளிலேயே அடுக்கடுக்காகப் பிரிந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

துடுப்பு, தாங்கி, மிதிகட்டை

படகுக்கு எல்லாப் பணத்தையும் கொடுத்துவிட்டுத் துடுப்பை இலவசமாகக் கேட்டு வாங்குவது நம் வழக்கம். இலவசத் துடுப்பு குட்டையாகவும் கனமாகவும் இருக்கும். நாள் முழுவதும் கையில் இருக்கப்போவது அதுதான் என்பதால் நான் முதலில் துடுப்புக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் படகுக்குக் கொடுக்கச் சொல்வேன்.

நீளத்துக்குக் கணக்கு இருக்கிறது. துடுப்பு பொருந்திச் சுழலும் இரு பக்கத் தாங்கிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பாதியாக்கி, 2 அங்குலம் கூட்டுங்கள். தாங்கிக்கு உள்ளே இருக்க வேண்டிய நீளம் அது. உள்ளே 7 பங்கு என்றால் வெளியே 18 பங்கு இருக்க வேண்டும். தாங்கிகளுக்கு இடையே 48 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் உள்நீளம் 26, வெளிநீளம் ஏறக்குறைய 67, மொத்தம் 93 அங்குலம்; அதாவது 7 அடி 9 அங்குலம். ஒரு கையளவு முன்பின் இருக்கலாம். 6 அடித் துடுப்பைக் கொடுத்து இதுவே போதும் என்பவரிடம் விவாதிக்க வேண்டாம், அளவை எழுதிக் கொடுத்துவிடுங்கள். தட்டைப் பகுதி 5 முதல் 6 அங்குல அகலம் போதும். அகலமான தட்டை முதல் நாள் உற்சாகம் தரும், மூன்றாம் நாள் தோளைப் பிடிக்கும்.

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் மிளகுக் கொடியைச் சுமந்துகொண்டு நேராக உயர்ந்து நிற்கும் சில்வர் ஓக்கைப் பார்க்கும்போதெல்லாம் துடுப்புக்கு ஆகுமே என்று தோன்றும். மலையில் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் பலகையும் கிடைத்துவிடும். அது அறுக்க எளிது. ஆனால் ஈரத்திலும் வெயிலிலும் மாறி மாறிக் கிடந்தால் நீடிக்காது. பழகிக்கொள்ள ஒரு ஜோடி செய்து, வார்னிஷ் உரியாமல் பார்த்துக்கொள்ளலாம். பயணத்துக்கு வேண்டியது, எந்த மரமானாலும், முடிச்சில்லாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ரேகை நேராக ஓடும் கட்டை. ரேகை பாதியில் விளிம்பைத் தாண்டி வெளியேறினால் துடுப்பு அந்த இடத்தில்தான் ஒடியும். மூன்றாவதாக ஒரு துடுப்பு கட்டாயம் உடன் வர வேண்டும்.

தாங்கியின் இடத்தைப் பட்டறை விருப்பத்துக்கு விடாதீர்கள். வலிப்பவர் படகின் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார். அவர் உட்காரும் பலகையின் முழங்கால் பக்க விளிம்பிலிருந்து தாங்கியின் நடு 12 அங்குலம் தள்ளியும், பலகைக்கு மேல் 7 முதல் 9 அங்குல உயரத்திலும் இருக்க வேண்டும். உயரம் குறைந்தால் துடுப்பைத் தூக்கித் திருப்பும்போது கைப்பிடி தொடையில் இடிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகங்களைச் சேலத்துக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை: ஆற்றுக்கு 304 போதும், பூம்புகார் வரை போய் உப்பு நீரைத் தொடுவதென்றால் 316. சுழலும் இடத்தில் நைலான் புஷ் இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் ஓட்டை பெரிதாகி ஒவ்வொரு வலிப்புக்கும் டொக் டொக்கென்று தட்டும்.

பாதம் ஊன்ற ஒரு குறுக்குக் கட்டை வேண்டும். அது இரண்டு மூன்று நிலைகளில் மாற்றிப் பொருத்தக் கூடியதாக இருக்க வேண்டும். துடுப்பை இழுப்பது கையல்ல, காலும் முதுகும். ஊன்றக் கட்டை இல்லாதவர் பலகையில் வழுக்கிக்கொண்டே இருப்பார். மாலையில் இடுப்பு பேசும். இருவர் போவதென்றால், ஒருவர் மட்டும் வலிக்கும்போதும் படகு சமமாக மிதக்க, தாங்கிக்கான குழிகள் இரண்டு ஜோடியாக வேண்டும்.

இதையெல்லாம் உடம்பால் புரிந்துகொள்ள ஏற்காடு ஏரி நல்ல இடம். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போய்ச் சேர்ந்தால் சுற்றுலாத் துறையின் படகு இல்லத்தில் துடுப்புப் படகை வாடகைக்கு எடுக்கலாம். கூட்டமில்லாத வார நாளில், கையில் அளவு நாடாவோடு போங்கள். அந்தப் படகுகள் யாரும் கவிழக் கூடாது என்று அகலமாகவும் கனமாகவும் செய்யப்பட்டவை. அவற்றைப்போல் ஒன்றை வாங்கக் கூடாது. ஆனால் பலகை உயரம், தாங்கி தூரம், கால் ஊன்றுமிடம் மூன்றையும் அளந்துகொண்டு அரை மணி நேரம் வலித்தால், எது எங்கே உறுத்துகிறது என்று தெரிந்துவிடும். 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் வலிப்பதை மட்டும் எடப்பாடி வெயிலோடு ஒப்பிட வேண்டாம்.

மூழ்காமல் இருப்பது

பிளைவுட்டும் பிளாஸ்டிக்கும் தாமாகவே மிதக்கும். ஃபைபரும் அலுமினியமும் நீர் நிறைந்தால் அடியில் போய்விடும். எதுவானாலும் முன்னும் பின்னும் அடைத்த அறைகள், மொத்தம் 150 லிட்டருக்குக் குறையாமல், வேண்டும். ஒரு லிட்டர் அடைபட்ட காற்று ஒரு கிலோவைத் தாங்கும் என்பது எளிய கணக்கு. அறை இருக்கிறதா என்பதைவிட அது வேலை செய்கிறதா என்பதே கேள்வி. இடுப்பளவுத் தண்ணீரில் படகை வேண்டுமென்றே நிரப்பி, உள்ளே உட்கார்ந்து வாளியால் இறைத்துப் பாருங்கள். இறைக்கும் வேகத்துக்கு இணையாக விளிம்பின் மேலாகத் தண்ணீர் திரும்ப வந்தால் அறைகள் போதவில்லை.

உயிர்காப்பு உடை துடுப்பு வலிப்பவருக்கென்று தோள் வெட்டிய வகையாக இருந்தால்தான் நாள் முழுவதும் உடம்பில் இருக்கும். நீந்தத் தெரிந்தவருக்கு 50 நியூட்டன், தெரியாதவருக்கு 100 நியூட்டன் மிதப்புத் திறன். பின்னோக்கி உட்கார்ந்து முன்னோக்கிப் போவதால், இரு சக்கர வாகனத்தின் கண்ணாடி ஒன்றை விளிம்பில் பொருத்திக்கொள்ளுங்கள். ஆகாயத்தாமரைத் திட்டுக்குள் புகுந்த பிறகு திரும்பிப் பார்ப்பதில் பயனில்லை.

பழைய படகைப் பார்ப்பது

பழையது வாங்குவதில் தவறில்லை. நேரில் போகாமல் படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்புவதில்தான் தவறு. போகும்போது ஐந்து ரூபாய் நாணயம், சிறு ஸ்க்ரூடிரைவர், டார்ச், சாக்பீஸ், கொஞ்சம் சுண்ணாம்புப் பொடி கொண்டுபோங்கள்.

முதலில் பின்பலகை. எப்போதாவது மோட்டார் மாட்டியிருந்தால் அந்த இடம்தான் முதலில் கெட்டிருக்கும். நாணயத்தின் விளிம்பால் மேலிருந்து கீழாக விரலகலத்துக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் டக் டக்கென்று கூர்மையாகக் கேட்கும். உள்ளே கட்டை ஊறியிருந்தாலோ அடுக்கு பிரிந்திருந்தாலோ சத்தம் சட்டென்று மொத்தென்றாகும். அந்த எல்லையைச் சாக்பீஸால் கோடிட்டு வாருங்கள். கோடு உள்ளங்கை அளவில் மூடிக்கொண்டால் பழுது பார்க்கலாம். பலகை முழுவதும் பரவினால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். அடுத்து தாங்கி பொருத்திய இடம்: நட்சத்திரம்போல் மயிரிழைக் கீறல்கள் பரவியிருந்தால் அடியில் முட்டு போடாமல் திருகியிருக்கிறார்கள். பிளைவுட் என்றால் விளிம்புகளின் வெட்டு முகத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்துங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் அழுகல். உட்புறத்தில் ஓரிடத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் அங்கே டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், நேராகப் பிடித்தால் மேடுபள்ளம் தெரியாது.

பிறகு படகை இரண்டு டயர்களின் மேல் வைத்து, வெளிப்புறத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, மூட்டுகளின் மேல் சுண்ணாம்புப் பொடியைத் தூவி, உள்ளே நான்கு அங்குலம் தண்ணீர் விடுங்கள். ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருங்கள். கசிவு இருந்தால் துளி விழுவதற்கு முன்பே பொடி நிறம் மாறி இடத்தைக் காட்டிவிடும்.

கடைசியாக எடை. விற்பவர் சொல்லும் எடையை யாரும் நம்புவதில்லை, அவரே நம்புவதில்லை. லாரி எடை மேடை இதற்கு உதவாது. அது பத்து, இருபது கிலோப் படிகளில்தான் காட்டும். மண்டியிலோ பழைய இரும்புக் கடையிலோ உள்ள பிளாட்பாரத் தராசில் ஒரு முனையையும் பிறகு மறுமுனையையும் தூக்கி வைத்துக் கூட்டினால் போதும்.

சொல்லிச் செய்வதும் கொண்டுவருவதும்

புதிதாகச் செய்யச் சொன்னால் ஒரே தாளில் நீளம், இரு அகலங்கள், பலகைத் தடிமன், தாங்கி அளவுகள், அடைத்த அறைகளின் கொள்ளளவு, அதிகபட்ச எடை ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். எடை ஒவ்வொரு ஐந்து கிலோ கூடும்போதும் எவ்வளவு தொகை குறையும் என்பதையும் அதிலேயே எழுதிவிட்டால் வேலை ஒழுங்காக நடக்கும். முன்பணம் மூன்றில் ஒரு பங்கு, எபாக்சி பூசுவதற்கு முன் நேரில் பார்த்துவிட்டு இன்னொரு பங்கு, தண்ணீரில் விட்டுப் பார்த்த பிறகு மீதி. அடைபட்ட அறைகளின் உட்புறத்தை மூடிய பிறகு யாரும் பார்க்க முடியாது என்பதால் நடுவில் ஒருமுறை நேரில் போவதைத் தவிர்க்கவே கூடாது.

ஜிஎஸ்டி சேர்த்த விலையா என்று முதல் பேச்சிலேயே கேளுங்கள். மீன்பிடிப் படகுக்கான 5 சதவீத வரி வேறு, துடுப்புப் படகுக்கான உயர்ந்த வரி வேறு. மீன்பிடிப் படகு என்று பில் போட்டுத் தருவதாகச் சிலர் தாமாகவே முன்வருவார்கள். நாளை அனுமதிக்கோ காப்பீட்டுக்கோ அந்தக் காகிதத்தை நீட்ட வேண்டியவர் நீங்கள்தான்.

கொச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் சேலம் ஏறக்குறைய ஒரே தூரம், 350 கி.மீ. அளவு. லாரித் தொழில் கொழிக்கும் மாவட்டத்தில் இருப்பதன் பயனை இங்கே அடையலாம். சங்ககிரி அல்லது சேலத்து புக்கிங் ஆபீஸில் சொல்லி வைத்தால், சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் 17 அடி அல்லது 19 அடி வண்டியில் ரிட்டர்ன் லோடாக ஏற்றிவரலாம். தனி வண்டி பிடிப்பதைவிட வாடகை வெகுவாகக் குறையும். படகைக் கவிழ்த்து, விளிம்பு நான்கு பழைய டயர்களின் மேல் படும்படி வைத்து, கயிற்றை நேராக விளிம்பில் இறுக்காமல் அடியில் தேங்காய் நார் மெத்தையோ ரப்பர் பாயோ கொடுத்துக் கட்ட வேண்டும். மேலே வேறு சரக்கு ஏற்றக் கூடாது என்று ஓட்டுநரிடம் மட்டுமல்ல, புக்கிங் சீட்டிலும் எழுதி வாங்குங்கள்.

படகு வருவதற்குள் ஒரு சுமை வண்டியும் தயாராகிவிட வேண்டும். இரண்டு சைக்கிள் சக்கரம், ஒரு இருசுக் கம்பி, மேலே ரப்பர் சுற்றிய தொட்டில். எந்த வெல்டிங் பட்டறையிலும் ஒரு பிற்பகல் வேலை. சக்கரம் கழற்றக் கூடியதாக இருந்தால் படகுக்குள்ளேயே போட்டுக்கொள்ளலாம். கதவணைகளைச் சுற்றிக் கடப்பது இதன் மேல்தான் நடக்கப்போகிறது.

சுமையோடு சோதனை

மீதித் தொகையைப் பட்டறையருகிலேயே சோதித்துக் கொடுப்பது முறை. ஊருக்கு வந்தபின் உங்கள் நிம்மதிக்காக ஒருமுறை, உரியவர்களிடம் சொல்லிவிட்டு, பூலாம்பட்டிக்கும் நெரிஞ்சிப்பேட்டைக்கும் இடையே தேங்கி நிற்கும் நீரில், பயணிகள் கடக்கும் விசைப்படகுகளின் வழியை விட்டு விலகிச் சோதியுங்கள். காலிப் படகைச் சோதிப்பதில் ஒன்றும் தெரியாது. தண்ணீர் கேன்களால் 100 கிலோ ஏற்றுங்கள். பயணத்திலும் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். பவானி, ஈரோடு, பள்ளிபாளையம் பகுதிகளில் சாயக் கழிவு கலப்பதால் ஆற்று நீரைக் காய்ச்சிக் குடிப்பதை நம்ப முடியாது, இருவருக்கு மூன்று நாள் குடிநீரே 24 கிலோ ஆகிவிடும்.

மூன்று வலிப்பு வலித்துவிட்டுத் துடுப்பைத் தூக்கிவிடுங்கள். மூக்கு ஒரே புள்ளியை நோக்கிப் போக வேண்டும். இரண்டு படகு நீளத்துக்குள் திரும்பிவிட்டால் பின்தகட்டின் ஆழத்தைக் கூட்ட வேண்டும், அல்லது சுமையைக் கொஞ்சம் பின்னே தள்ள வேண்டும். இரண்டாவதை முதலில் செய்து பாருங்கள், செலவில்லை. பிறகு காற்று எழும் பிற்பகல் வரை காத்திருந்து எதிர்க்காற்றில் ஒரு மணி நேரம் போய், கைப்பேசியில் தூரத்தைப் பாருங்கள். நான்கரை கி.மீ.க்குக் குறைந்தால் கோளாறு பெரும்பாலும் துடுப்பிலோ கால்கட்டையிலோதான் இருக்கும், படகில் அல்ல. கரையேறியதும் சுமை வண்டியில் ஏற்றி, எவரையும் உதவிக்குக் கூப்பிடாமல் சரிவில் ஏற முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் சுமையை இரண்டு நடையாகப் பிரிப்பதா, துணைக்கு ஒருவரைச் சேர்ப்பதா என்பதை இங்கேயே முடிவு செய்துகொள்ளலாம்.

பயணம் தொடங்கும் வரை படகு வீட்டில் கிடக்கும் மாதங்களைப் பற்றியும் ஒரு சொல். சேலத்தின் ஏப்ரல், மே வெயில் எபாக்சியை மஞ்சளாக்கி வலுவிழக்கச் செய்யும். அதன்மேல் புற ஊதாக் கதிரைத் தாங்கும் வார்னிஷோ பெயின்ட்டோ கட்டாயம். நிழலில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இரண்டு கட்டைகள் மேல் கவிழ்த்து வையுங்கள். தார்ப்பாயைப் படகின் மேல் ஒட்டிப் போர்த்தாமல் கயிற்றில் பந்தல்போல் இழுத்துக் கட்டி, வடிகால் அடைப்பையும் அறை மூடிகளையும் திறந்தே விடுங்கள். கரையான் ஏறாமல் கட்டைகளின் அடியில் பழைய எண்ணெய் தடவிவிடுவதும் நல்லது.